நகரத்தின் வெள்ளச் சமவெளியைக் காப்பது: திட்டமும் பணமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு ஊருக்குள் புகுந்து வடிந்த பிறகு நடக்கும் கூட்டங்களில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன: கரையை எப்போது உயர்த்துவீர்கள், அதற்குப் பணம் எங்கே? இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. வருகிற தண்ணீர் எங்கே நிற்கப் போகிறது, அதைத் தாங்கப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு நாம் என்ன தரப் போகிறோம்? கீழே உள்ள பதில்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வெள்ளச் சமவெளி என்பது ஆற்றங்கரையோரம் மட்டும்தானா?

இல்லை. ஆறு பெருகும்போது பரவி, வண்டலைப் படியவிட்டு உருவாக்கிய தட்டையான நிலம் முழுவதும் வெள்ளச் சமவெளிதான். சில இடங்களில் அது ஆற்றிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும். ஆறு பழைய காலத்தில் ஓடித் தடம் மாறிய பள்ளங்கள், ஏரிகளின் உபரிநீர் இறங்கும் தாழ்வான வயல்கள், கழிமுகத்துச் சதுப்பு நிலங்கள் எல்லாம் இதில் சேரும். கண்ணுக்கு ஆறே தெரியாத தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இதுதான். மனை வாங்கும்போது ஆறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஆற்றின் உச்ச நீர்மட்டத்தோடு ஒப்பிட்டால் மனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

'நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' போன வருடம்தான் வந்தது. இனி நூறு வருடம் நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவு வெள்ளமோ அதைவிடப் பெரிய வெள்ளமோ வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். போன வருடம் வந்தது என்பதற்காக இந்த வருடம் அந்த வாய்ப்பு குறைந்துவிடாது. வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் முப்பது வருட காலத்தைக் கணக்கில் எடுத்தால், அதற்குள் ஒரு முறையாவது அத்தகைய வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எழுபது வருட வாழ்நாளில் அது பாதிக்கும் மேல் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நூற்றில் ஒன்று என்ற கணக்கு, பழைய மழை அளவுகளையும் ஆற்றின் பழைய நீர்மட்டப் பதிவுகளையும் வைத்துப் போடப்படுகிறது. ஐம்பது வருடப் பதிவை வைத்துக்கொண்டு நூறு வருட வெள்ளத்தை மதிப்பிடும்போது பிழைக்கு இடம் அதிகம். வயல்கள் சிமென்ட் தளமாக மாறினால் அதே மழைக்கு ஆற்றில் வரும் நீர் கூடும். காற்று சூடாகும்போது அது தாங்கும் ஈரமும் கூடும். ஆகவே இந்த எண் அவ்வப்போது திருத்தப்பட வேண்டியது. இருபது வருடங்களுக்கு முன் வரைந்த வெள்ள வரைபடத்தைக் காட்டி 'இங்கே ஆபத்து இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திட்டமிடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நகர எல்லையிலிருந்து தொடங்கக் கூடாது. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நகராட்சிக்கு எல்லை உண்டு, மழைக்குக் கிடையாது. மேலே எத்தனை ஏரிகள், எந்தக் கலிங்கு வழியாக எவ்வளவு உபரிநீர், அது எத்தனை மணி நேரத்தில் நகரத்தை வந்தடையும், அந்த நேரத்தில் கடலில் ஓதம் ஏறியிருக்குமா இறங்கியிருக்குமா என்பதெல்லாம் முதலில் தெரிய வேண்டும். பிறகு நிலத்தின் ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாக அளந்த வரைபடம் வேண்டும். அரை மீட்டர் பிழை இருந்தால் ஒரு பேட்டையே வரைபடத்தில் தப்பான நிறத்தில் விழுந்துவிடும்.

ஆய்வுக்கு ஆகும் பணத்தைக் குறைத்துவிட்டுக் கட்டுமானத்துக்கு அள்ளிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மொத்தச் செலவில் ஆய்வின் பங்கு மிகச் சிறியது. அதில் மிச்சம் பிடிப்பவர்கள் கான்கிரீட்டை எங்கே போடுவது என்று தெரியாமலே போடுகிறார்கள். சென்ற வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய சுவர்களில் கோடு போட்டு, தேதியும் உயரமும் குறித்து வைக்கும் எளிய வேலைகூடப் பல நகரங்களில் நடப்பதில்லை. வெள்ளம் எங்கே பரவும் என்று கணிக்கும் கணினி மாதிரிப் படிவம் சரிதானா என்று சோதித்துப் பார்க்க அந்தக் கோடுகளை விட நல்ல சாட்சி இல்லை.

கரையை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்திவிட்டால் போதாதா?

பல இடங்களில் கரை தேவைதான். ஆனால் கரையை மட்டும் நம்பினால் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, கரை தண்ணீரை அழிப்பதில்லை. பரவ வேண்டிய நீரை நெருக்கி உயர்த்துகிறது. அந்த உயரம் எதிர்க்கரைக்கோ மேலே இருக்கும் ஊருக்கோ கீழே இருக்கும் ஊருக்கோ போகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் பல பத்தாண்டுகள் 'கரை மட்டும் போதும்' என்பதே அரசின் கொள்கையாக இருந்தது. 1927 வெள்ளம் அந்தக் கரைகளைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு போன பிறகு, 1928 சட்டம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. உபரிநீரைத் திருப்பிவிடும் போக்குகளும் திட்டத்தில் சேர்ந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மேலே 1931-இல் கட்டி முடித்த பானெ காரே கலிங்கு, பெருகி வரும் ஆற்று நீரின் ஒரு பகுதியை ஏரி ஒன்றுக்குள் திருப்பிவிடுகிறது. இன்றுவரை அது வேலை செய்கிறது.

இரண்டாவது, கரை கட்டியதும் அதன் பின்னால் இருக்கும் தாழ்ந்த நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. வீடுகள், பள்ளிகள், கிடங்குகள் எல்லாம் வந்து நிறைகின்றன. சிறு வெள்ளங்கள் கண்ணில் படாமலே போவதால் ஒரு தலைமுறை ஆற்றை மறந்துவிடுகிறது. கரையைத் தாண்டும் வெள்ளம் ஒரு நாள் வரும்போது, கரை இல்லாத காலத்தில் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பைப் போலப் பல மடங்கு இழப்பு நேர்கிறது. கில்பர்ட் வைட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1940-களிலேயே இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார். இன்னும் பல நகரங்கள் அதைக் காதில் வாங்கவில்லை என்பது வருத்தம் தருகிறது.

மூன்றாவது, கரை உடைவதற்குத் தண்ணீர் அதைத் தாண்ட வேண்டும் என்பதில்லை. 2005-இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் 17-ஆம் தெருக் கால்வாய்ச் சுவர், நீர்மட்டம் அதன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே அடிமண் நகர்ந்து சரிந்தது. நகரத்தின் ஏறத்தாழ 80 சதவீதப் பரப்பு நீரில் மூழ்கியது.

கரை கட்டினால், அது எந்த இடத்தில் முதலில் வழிய வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்து, அந்த இடத்தைக் கல் பதித்து வலுப்படுத்திவிட வேண்டும். ஆறு தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால், அது நள்ளிரவில் குடியிருப்பின் நடுவில்கூட இருக்கலாம்.

ஆற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் தீர்ந்துவிடாதா?

ஆகாயத்தாமரை, குப்பை, கட்டட இடிபாடு, பாலத்தின் கண்களை அடைத்திருக்கும் மண் ஆகியவற்றை மழைக்கு முன் அகற்றியே ஆக வேண்டும். சிறிய, நடுத்தர வெள்ளங்களில் அதன் பலன் நன்றாகத் தெரியும். ஆனால் பெருவெள்ளத்தில் ஆற்றுப் படுகைக்குள் போகும் நீரைவிட வெளியே பரவும் நீர்தான் அதிகம். படுகையை ஒரு மீட்டர் தோண்டியதால் அந்தக் கணக்கு மாறுவதில்லை. முகத்துவாரத்துக்கு அருகில் கடல் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளம் எந்நேரமும் நீர் நிறைந்தே இருக்கும். வெள்ள நேரத்தில் அதில் கூடுதல் இடம் கிடைக்காது. அளவுக்கு மீறித் தோண்டினால் பாலத் தூண்களின் அடிமண் அரித்துப் போகும்.

தண்ணீருக்கு இடம் விடுவது என்கிறார்கள். நெருக்கமான நகரத்தில் அது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் 1995-இல் ரைன் ஆற்றுக் கிளைகள் கரை உச்சிவரை ஏறியபோது ஏறத்தாழ 2,50,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கரையைத் தொடர்ந்து உயர்த்திக்கொண்டே போக முடியாது என்ற முடிவுக்கு வந்த அந்த நாடு, 'ஆற்றுக்கு இடம்' என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 230 கோடி யூரோ செலவில் ஒரு பெரும் வேலையைச் செய்தது. நைமேகன் நகரில் ஆறு குறுகித் திரும்பும் இடத்தில், கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, புதிதாக ஒரு பக்கவாய்க்கால் வெட்டினார்கள். ஐம்பது வீடுகள் இடம்பெயர வேண்டியிருந்தது. இந்த வேலையால் பெருவெள்ள நீர்மட்டம் 30 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இப்போது ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் உருவான தீவு நகரத்தின் பூங்கா.

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரம் வேறு வழியில் போனது. நகரத்துக்கு மேற்கே யோலோ போக்கு என்ற அகன்ற தாழ்நிலத்தை வெள்ளத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். கோடையில் அங்கே நெல் விளைகிறது. குளிர்கால வெள்ளத்தில் ஆற்று நீரின் பெரும்பகுதி நகரத்தைத் தொடாமல் அதன் வழியாகப் போகிறது. வலசைப் பறவைகளும் மீன் குஞ்சுகளும் அங்கே இரை தேடுகின்றன.

இட நெருக்கடிக்கு ஜப்பானின் யோகோகாமா நகரத்தைப் பாருங்கள். சுருமி ஆற்றின் ஓரத்தில் வெள்ள நீரைத் தேக்கும் பள்ளத்துக்குள்ளேயே, தூண்களின் மேல், ஒரு பெரிய விளையாட்டரங்கத்தைக் கட்டியிருக்கிறார்கள். 2019 அக்டோபர் 12-இல் ஹகிபிஸ் புயல் வந்தபோது ஆறு தாழ்வான கரைப்பகுதியின் மேல் வழிந்து, அரங்கத்தைச் சுற்றியிருந்த பூங்காவும் கீழிருந்த வாகன நிறுத்துமிடமும் நீரில் மூழ்கின. மறுநாள் மாலை அதே அரங்கத்தில் ஜப்பானும் ஸ்காட்லாந்தும் உலகக் கோப்பை ரக்பி ஆட்டம் ஆடின. கீழே ஆற்று நீர் நின்றது, மேலே பல்லாயிரம் பேர் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். ஒரே நிலத்தை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டால் நிலத்தின் விலையும் இரண்டு கணக்கில் பிரியும் என்பதை நிதித் துறைக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் எளிது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஏரியையும் சதுப்பையும் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பல மடங்கு விலையில் இடம் தேடுவதைவிட, இன்றைக்கு மிச்சமிருப்பதைக் காப்பது எவ்வளவோ மலிவு. என்னைக் கேட்டால், எந்த நகரத்தின் வெள்ளத் திட்டத்திலும் முதல் ஆண்டின் முதல் வேலை, மிச்சமிருக்கும் நீர்நிலைகளையும் போக்குக் கால்வாய்களையும் அளந்து எல்லைக்கல் நட்டு, அங்கே புதிய கட்டட அனுமதிகளை நிறுத்துவதாகத்தான் இருக்க வேண்டும்.

நகரத்துக்கு மேலே பெரிய அணை இருக்கிறதே. அது காப்பாற்றாதா?

ஓரளவுக்கு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக்கு மேலே 1974 வெள்ளத்துக்குப் பிறகு விவன்ஹோ அணை கட்டப்பட்டது. இனி வெள்ளமே வராது என்று பலர் நம்பினார்கள். 2011 ஜனவரியில் ஆயிரக்கணக்கான வீடுகள் மீண்டும் மூழ்கின. அணைக்குக் கீழே சேரும் துணையாறுகளின் நீரை அணை தடுக்க முடியாது. நிரம்பிய பிறகு வருவதைத் திறந்துவிடத்தான் வேண்டும்.

குடிநீருக்கும் வெள்ளத்துக்கும் ஒரே நீர்த்தேக்கத்தை நம்பும் இடங்களில் ஆபத்து அதிகம். குடிநீருக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்தைத் தாங்க அது காலியாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை அடையாற்றில் திறக்கப்பட்டதும், இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று குறிப்பிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். எந்த நீர்மட்டத்தில், எவ்வளவு மழை முன்னறிவிப்புக்கு, யார் உத்தரவில் மதகு திறக்கும் என்பது முன்கூட்டியே எழுதி வெளியிடப்பட வேண்டும். அந்த விதியை எழுதக் கான்கிரீட் செலவு எதுவும் இல்லை.

நகரத்தைக் காப்பாற்ற அடுத்த ஊரை மூழ்கடிப்பது நியாயமா?

வெளிப்படையாகச் சொல்லாமல், இழப்பீடும் தராமல் செய்தால் நிச்சயமாக அநியாயம்.

கனடாவின் வினிபெக் நகரம் 1950 வெள்ளத்தில் நொறுங்கியது; ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். மாகாணப் பிரதமர் டஃப் ராப்ளின் கடும் எதிர்ப்பைத் தாண்டி நகரைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளப் போக்குக் கால்வாய் ஒன்றை வெட்ட வைத்தார். 1968-இல் 6.3 கோடி டாலரில் வேலை முடிந்தது. 1997-இல் அந்த நூற்றாண்டின் பெருவெள்ளம் வந்தபோது நகரத்தை அதுதான் காத்தது. ஆனால் நீரைக் கால்வாய்க்குள் திருப்புவதற்காக ஆற்றில் எழுப்பிய கதவுகளால் மேலே நீர்மட்டம் உயர்ந்தது. அங்கிருந்த கிராண்ட் பாய்ன்ட் மக்கள், தங்கள் வீடுகள் மூழ்க அதுவும் காரணம் என்று போராடினார்கள். பிறகு கால்வாயை விரிவாக்கியபோது, கதவுகளை இயக்குவதால் ஏற்படும் செயற்கை வெள்ளத்துக்கு இழப்பீடு தரும் சட்டத்தை மாகாணம் 2004-இல் கொண்டுவந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டிய சட்டம் அது.

நெதர்லாந்தின் ஓவர்டீப் என்ற தாழ்நிலத்து விவசாயிகள் வேறு மாதிரி. தங்கள் நிலம் வெள்ளத்துக்குத் திறந்துவிடப்படப் போகிறது என்று தெரிந்ததும், அவர்களே ஒரு மாற்றை முன்வைத்தார்கள்: நிலம் மூழ்கட்டும், ஆனால் கரையோரம் உயரமான மண்மேடுகளை எழுப்பி வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் அதன் மேல் கட்டித் தாருங்கள். அப்படியே எட்டு பண்ணைகள் மேடுகளின் மேல் எழுந்தன. இடம் போதாததால் மற்ற குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. அந்த இழப்பையும் கணக்கில் எழுதித்தான் இதை நல்ல உதாரணம் என்கிறேன்.

எந்த அளவு வெள்ளத்துக்குத் திட்டமிட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

பொறியாளர் செலவையும் ஆபத்தையும் எடுத்து வைக்கலாம். எவ்வளவு ஆபத்தோடு வாழச் சம்மதம் என்பதை மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும்தான் முடிவு செய்ய வேண்டும். 1953 கடல் வெள்ளத்தில் 1,836 பேரை இழந்த நெதர்லாந்து, மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளுக்குப் ஓர் ஆண்டில் வர பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பே உள்ள வெள்ளத்தையும் கரை தாங்க வேண்டும் என்ற கடுமையான அளவை வகுத்தது. 2017-இல் அமலுக்கு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: கரைக்குப் பின்னால் வாழும் எவரும் வெள்ளத்தால் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. பணக்காரர் பகுதி, ஏழை பகுதி என்ற பேதம் இல்லாமல் ஒவ்வொரு உயிருக்கும் ஓர் அடிப்படை அளவு வைத்ததுதான் அதன் சிறப்பு.

மருத்துவமனை, துணை மின்நிலையம், குடிநீர் நிலையம், தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்கு நகரத்தின் பொது அளவைவிடக் கூடுதலான பாதுகாப்பு வேண்டும். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் நீர் புகுந்து மின்சாரம் நின்றதால், நோயாளிகளை மாடிப்படி வழியாகத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. ஜெனரேட்டரையும் அதன் எரிபொருள் பம்பையும் மேல் தளத்துக்கு மாற்றுவது எந்தப் பெரிய திட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

செலவு–பயன் கணக்கு என்பதை எப்படிப் போடுகிறார்கள்? அதை நம்பலாமா?

பத்து வருட வெள்ளம், ஐம்பது வருட வெள்ளம், நூறு வருட வெள்ளம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சேதம் என்று மதிப்பிட்டு, அதை அந்த வெள்ளம் வரும் வாய்ப்போடு சேர்த்து, சராசரியாக ஓர் ஆண்டுக்கு எவ்வளவு இழப்பு என்று காண்கிறார்கள். திட்டத்தால் அதில் எவ்வளவு குறையும் என்பதே பயன். அதைத் திட்டச் செலவோடு ஒப்பிடுகிறார்கள்.

கணக்கு தவறில்லை, ஆனால் உள்ளே மறைந்திருக்கும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்கு மாற்றும் கழிவு விகிதம். ஐம்பது வருடம் கழித்துத் தவிர்க்கப்படும் 100 கோடி இழப்பு, 3.5 சதவீத விகிதத்தில் இன்று சுமார் 18 கோடிக்குச் சமம். 7 சதவீதம் என்று வைத்தால் 3.5 கோடிகூடத் தேறாது. அந்த ஒரு எண்ணை மாற்றினாலே நல்ல திட்டம் 'லாபமில்லாதது' ஆகிவிடும்.

இன்னொன்று என் மனதை அதிகம் உறுத்துவது. சேதத்தைச் சொத்தின் விலையால் அளந்தால், விலை உயர்ந்த வீடுகள் இருக்கும் பக்கம்தான் எப்போதும் முதலில் பாதுகாக்கப்படும். ஒரே அறையில் வாழும் குடும்பம் தன் உடைமை முழுவதையும் இழந்தாலும் கணக்கில் அது சிறு தொகை. கூலி இழந்த நாட்கள், நோய், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எல்லாம் ஏட்டில் ஏறுவதே இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுன்டி (மாவட்டம் போன்ற அமைப்பு), 2019-இல் தன் வெள்ளத் திட்டங்களின் வரிசையை முடிவு செய்யும்போது மக்களின் சமூக, பொருளாதார நலிவையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. நம் நகரங்களிலும் எத்தனை வீடு என்பதற்குப் பக்கத்தில் எத்தனை மனிதர்கள், அவர்களில் எத்தனை பேர் மீண்டெழ வசதி இல்லாதவர்கள் என்ற பத்தி இருக்க வேண்டும்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்?

ஒரே இடத்திலிருந்து வராது. மத்திய, மாநில அரசுகளின் மானியம், நகரத்தின் சொந்த வரி, நீண்ட காலக் கடன், பயன்பெறுவோரிடம் வாங்கும் கட்டணம், புதுக் கட்டடங்கள் செலுத்தும் மேம்பாட்டுக் கட்டணம் என்று ஐந்தாறு ஊற்றுகள் சேர்ந்தால்தான் ஆகும். அமெரிக்காவில் மத்திய அரசு மானியத்தில் நடந்த பேரிடர்த் தணிப்பு வேலைகளை ஆராய்ந்த ஒரு தேசிய ஆய்வு, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக ஆறு டாலர் இழப்பு தவிர்ந்ததாகக் கண்டது. ஆனால் அந்த ஆறு டாலர் செலவழித்தவரின் கல்லாவுக்குத் திரும்பி வருவதில்லை. நிகழாத இழப்பாக ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. தனியார் முதலீடு இந்தப் பக்கம் எளிதில் வராததன் காரணம் இதுவே.

நெதர்லாந்தின் நீர் வாரியங்களுக்கு 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரலாறு உண்டு. அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. பெரிய கரைகளை வலுப்படுத்தும் செலவை இன்று மத்திய அரசும் வாரியங்களும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. அந்த வரிப் பணம் வேறு துறைக்குப் போக முடியாது. எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளில் இதுவே உறுதியானது.

கலிஃபோர்னியாவின் நாபா ஊர் சொல்லும் பாடம் வேறு. ஆற்றைக் கான்கிரீட் கால்வாயாக மாற்றும் திட்டத்தை அங்கே மக்கள் 1970-களில் வாக்களித்து நிராகரித்தார்கள். 1986-இல் வெள்ளம் வந்து ஊர் நொந்தது. அதன் பிறகு விவசாயிகள், வணிகர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், பொறியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஆற்றுக்குப் பழைய சதுப்புகளைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு திட்டத்தை வகுத்தார்கள். 1998-இல் அதற்காக இருபது வருடங்களுக்கு அரை சதவீதக் கூடுதல் விற்பனை வரியை மக்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது, மயிரிழையில் கிடைத்தது. தாங்களே வகுத்த திட்டத்துக்கும், முடிவுத் தேதி குறித்த வரிக்கும் மக்கள் பணம் தரத் தயங்குவதில்லை.

நேரமும் முக்கியம். ஹாரிஸ் கவுன்டி 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கான வாக்கெடுப்பை ஹார்வி புயலின் முதலாண்டு நினைவு நாளான 2018 ஆகஸ்ட் 25-இல் நடத்தியது. ஏறத்தாழ 85 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வெள்ளம் வடிந்த முதல் வருடத்தில் திட்டம் கையில் தயாராக இருக்கும் நகரம் பணம் பெறுகிறது. அப்போதுதான் ஆய்வு தொடங்கும் நகரம், மக்களின் நினைவு மங்கிய பிறகு போய் நிற்கிறது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரம் 1984-இல் 14 பேரை வெள்ளத்தில் இழந்த பிறகு, நகரச் சேவைகளுக்கான ஒவ்வொரு மாதாந்திரப் பில்லிலும் மழைநீருக்கென ஒரு சிறு கட்டணம் சேர்த்தது. மழைநீரை உறிஞ்சாத தளம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு கட்டணம் வாங்கும் முறையும் பல நகரங்களில் உண்டு. பெரிய வணிக வளாகத்தின் சிமென்ட் முற்றமும் சிறு வீட்டுத் தோட்டமும் ஒரே தொகை கட்டுவதைவிட இது நியாயமானது.

கடன் வாங்கிக் கட்டலாமா?

கட்டலாம். ஐம்பது வருடம் நிற்கப்போகும் கரைக்கு இன்றைய வரி செலுத்துவோர் மட்டும் பணம் தருவதைவிட, பயன்பெறும் அடுத்த தலைமுறையும் பங்கேற்பது சரியானது. சென்னையின் கொசஸ்தலையாற்றுப் படுகை மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் தந்ததும் இந்த வகைதான். தவணை கட்டும் வருமானம் எது என்று முதலிலேயே தெரிய வேண்டும். பராமரிப்புக்குக் கடன் வாங்கக் கூடாது.

பராமரிப்பு என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

வெள்ளத் தடுப்புகள் பெரும்பாலும் கவனிப்பாரின்றித்தான் தோற்கின்றன. கரையில் எலியும் நண்டும் வளை தோண்டும். வேர் விட்ட மரம் சாய்ந்தால் கரையின் ஒரு துண்டும் சேர்ந்து வரும். ஆற்றில் இறங்கும் வடிகாலின் வாயில் ஒரு தடுப்புக் கதவு தொங்கும்; ஆறு ஏறும்போது அது தானாக மூடி, நீர் பின்னோக்கி ஊருக்குள் வராமல் தடுக்க வேண்டும். அதில் ஒரு மரக்கிளை சிக்கியிருந்தால் போதும், கரை முழுசாக நிற்கும்போதே ஊர் பின்பக்கமாக மூழ்கும். பம்புகளை மழைக்காலத்துக்கு முன்பு ஓட்டிப் பார்க்காவிட்டால், தேவைப்படும் இரவில்தான் அவை பழுதானது தெரியும்.

வெள்ள நேரத்தில் கரைக் காவலர்கள் தேடுவது ஒரு சின்ன அடையாளத்தை. கரைக்கு வெளிப்புறம், காய்ந்த நிலத்தில், திடீரென்று ஓர் ஊற்று குமிழியிடும். வரும் நீர் தெளிவாக இருந்தால் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கலாக வந்து வாயைச் சுற்றி மணல் குவியத் தொடங்கினால், கரையின் அடிமண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அனுபவமில்லாதவர்கள் அதை அடைக்கப் பார்ப்பார்கள். அடைத்தால் வேறு இடத்தில் பீறிடும். தெரிந்தவர்கள் அதைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர்போல் அடுக்கி, உள்ளே நீர்மட்டம் உயர விடுவார்கள். அந்த எடை எதிர் அழுத்தம் கொடுக்க, நீர் தெளியும், மண் வருவது நிற்கும். இந்த வேலை தெரிந்த நாலு பேரை வருடம் முழுவதும் சம்பளத்தில் வைத்திருப்பது எந்தத் திறப்பு விழாவிலும் தெரியாத செலவு. ஆனாலும் அதை வெட்டக் கூடாது.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு கட்டும் கரைகளுக்கு, கட்டும் முன்பே உள்ளூர் அமைப்பு ஒன்று பராமரிப்புப் பொறுப்பை எழுத்தில் ஏற்க வேண்டும். அதுபோல, யார் பராமரிப்பது, அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்பது எழுதப்படாத திட்டத்துக்கு ஒப்புதல் தராதீர்கள்.

ஆற்றோரத்தில் வசிப்பவர்களை அப்புறப்படுத்துவதுதான் தீர்வா?

சில வீடுகளை எந்தக் கரையாலும் காக்க முடியாது. டல்சா நகரம் அத்தகைய நூற்றுக்கணக்கான வீடுகளை விலை கொடுத்து வாங்கி, அந்த இடங்களைப் பூங்காவாகவும் திடலாகவும் விட்டது. ஆஸ்திரேலியாவின் கிராந்தம் ஊர் 2011 வெள்ளத்துக்குப் பிறகு மேட்டு நிலம் வாங்கி, மூழ்கிய மனைக்குப் பதிலாக மேட்டு மனையைப் பரிமாற்றம் செய்தது. ஒரே வருடத்துக்குள் முதல் குடும்பங்கள் குடியேறின. கிராந்தத்தில் மக்கள் விரும்பி வந்தார்கள், ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள்.

ஏழைகளின் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று ஒரே காலையில் இடித்து, வேலைக்கும் பள்ளிக்கும் தொலைவான அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டு, அதே ஆற்றின் வெள்ளச் சமவெளியில் பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுப்பதை வெள்ளத் தடுப்பு என்று ஏற்க முடியாது. அகற்றுவதானால் ஒரே அளவுகோல் எல்லோருக்கும் வேண்டும். பட்டா இல்லாத குடும்பத்துக்கும் மாற்று வீடு, நடந்து போகும் தூரத்தில் பிழைப்பு, இடம்பெயரும் முன் சாவி ஆகிய மூன்றும் வேண்டும். இதற்கான பணமும் திட்டச் செலவில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

வெள்ளக் காப்பீடு இருந்தால் போதுமா?

காப்பீடு வீட்டை உலர்த்தாது, மீண்டும் கட்டப் பணம் தரும். பிரிட்டன் 2016-இல் தொடங்கிய ஃபிளட் ரீ ஏற்பாட்டில் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்குப் பணம் தருகின்றன. அதனால் வெள்ள அபாய வீடுகளுக்கும் தாங்கக்கூடிய பிரீமியத்தில் காப்பீடு கிடைக்கிறது. 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. தெரிந்தே தாழ்நிலத்தில் கட்டுபவர்களுக்கு அந்தப் பொது நிதி துணைபோகக் கூடாது என்பதற்கான விதி அது.

எங்கள் பகுதித் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப் போகிறது. என்ன கேட்க வேண்டும்?

வரைபடத்தை இரண்டு நிலையில் கேளுங்கள்: திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின். இரண்டாவதில் எந்தத் தெருவில் நீர் குறைகிறது என்பதோடு, எந்தத் தெருவில் கூடுகிறது என்றும் பாருங்கள். கூடும் தெருக்காரர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார்களா என்று விசாரியுங்கள். திட்டமிட்ட அளவைத் தாண்டும் வெள்ளம் வந்தால் முதலில் எங்கே வழியும் என்று கேளுங்கள். 'வழியவே வழியாது' என்ற பதில் வந்தால் ஆய்வு முழுமையாக நடக்கவில்லை. வேலை முடியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரைக்கும் எச்சரிக்கை எத்தனை மணி நேரம் முன்னால் வரும், எந்தப் பள்ளிக்கூடம் தங்குமிடம், படுக்கையில் இருப்பவர்களை யார் தூக்கிப் போவார்கள் என்பதற்குப் பெயரோடு பதில் வாங்குங்கள். முப்பது வருடப் பராமரிப்புச் செலவின் பக்கத்தைத் திட்ட அறிக்கையில் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால், அந்தப் பக்கம் சேர்க்கப்பட்ட பிறகே அடுத்த கூட்டம் நடக்க வேண்டும் என்று நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்து, அதன் நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.